சீட்டும் விநாடிக் கடிகாரமும்

மேலிருந்து கீழாக ஒற்றை இலக்க எண்களை வரிசை வரிசையாக அச்சிட்ட நோட்டுப் புத்தகம் ஒன்றைக் கையில் கொடுத்து, அடுத்தடுத்துள்ள எண்களை இரண்டிரண்டாகக் கூட்டி விடையைப் பக்கத்திலே எழுதிக்கொண்டு போகும்படி சொல்லி, குறித்த இடைவெளிதோறும் மணி அடித்து, மணி கேட்ட இடத்தில் ஒரு கோடு இழுக்கச் செய்து, கடைசியில் நோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு போகிற மனிதர் ஒருவரைக் கண்டால், கணக்கு வாத்தியார் என்றுதான் எவரும் நினைப்பார்கள். ஆனால் 1890-களில் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் இப்படிப்பட்ட சோதனைகளை நடத்திக்கொண்டிருந்தவர் மனநோய் வைத்தியத் துறையின் பேராசிரியர். பெயர் எமில் கிரேப்பலின். கோட்டுக்குக் கோடு எத்தனை கூட்டல் நடந்திருக்கிறது என்று எண்ணி, அதை ஒரு வளைகோடாக வரைந்து, 'வேலை வளைகோடு' என்று பெயரிட்டு, அப்பியாசத்தால் ஏறுவது எவ்வளவு, களைப்பால் இறங்குவது எவ்வளவு, தொடக்கத்து உற்சாகத்தாலும் முடியப்போகிறது என்ற நினைப்பாலும் துள்ளுவது எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தவர் அவர். இது என்ன பெரிய வித்தை என்று எண்ணும் அன்பர்கள் ஒரு தாளில் எண்களை எழுதிக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்து பார்க்கலாம். நான் பார்த்தேன். இருபதாவது நிமிஷத்தில் ஏழும் எட்டும் பதினைந்துதானா என்பதே எனக்குச் சந்தேகமாகிவிட்டது.

மனத்தையும் கடிகாரத்தால் அளக்கலாம் என்ற துணிவை அவர் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்டிடம் பெற்றார். வுண்ட் 1879-ல் அங்கே நிறுவிய ஆய்வுகூடமே மனோதத்துவத்துக்கென்று உலகில் ஏற்பட்ட முதலாவது ஆய்வுகூடம் என்பது வழக்கம். 1882-ல் அங்கே போய்ச் சேர்ந்த கிரேப்பலின், சமிக்ஞை தெரிந்ததும் விசையை அழுத்துவது போன்ற எளிய சோதனைகளில் மனம் பற்றி, சாராயமும் தேநீரும் மருந்துகளும் புத்தியின் வேகத்தை எவ்வாறு மாற்றுகின்றன என்று பல ஆண்டுகள் ஆராய்ந்து 1892-ல் ஒரு நூலே எழுதிவிட்டார். அந்தக் கண்ணோடுதான் அவர் தம் நோயாளிகளையும் பார்த்தார். இளமையிலே தொடங்கி, பிரமைகளும் அசரீரிக் குரல்களும் வந்து வருத்தி, ஆண்டுகள் செல்லச் செல்ல மனிதனுடைய முயற்சியையும் புத்தியையும் ஒருங்கே தேய்த்துவிடுகிற ஒரு நோயை மற்ற மனநோய்களிலிருந்து பிரித்தெடுத்து, இளமையில் வரும் புத்தித் தேய்வு என்று பொருள்படும்படி 'டிமென்ஷியா ப்ரீகாக்ஸ்' என அவர் வழங்கினார். 1896-ல் வெளிவந்த அவருடைய பாடநூலின் ஐந்தாம் பதிப்பில் அந்தப் பிரிவினை உறுதிப்பட்டது. புத்தி தேய்வது அவருக்கு நோயின் வால் அன்று, உடம்பே அதுதான். இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் வைத்திய உலகம் இதை ஏறக்குறைய எழுபது எண்பது ஆண்டுகள் ஓரமாக வைத்துவிட்டது.

ஓரமாக வைத்தவர் சாமானியர் அல்லர். ஸ்விட்சர்லாந்தில் ரைனாவ் என்ற ஊரில், பழைய மடமொன்றில் நடந்த மனநோய் விடுதியில் 1886 முதல் 1898 வரை நோயாளிகளோடு கூடி வாழ்ந்து, அதன் பின்னர்ச் சூரிச் நகரத்துப் பர்க்ஹோல்ஸ்லி வைத்தியசாலையின் தலைமையை ஏற்ற யூஜென் பிளாய்லர், பாடநூல்களில் காணாத பலவற்றை அந்த விடுதியில் கண்டிருந்தார். முற்றிலும் மங்கிப்போனவர் என்று கைவிடப்பட்டவரிடத்திலும் உள்ளே எவ்வளவோ அறிவு கெடாமல் கிடக்கிறது என்பதை நாள்தோறும் பக்கத்திலிருந்து பார்த்தவருக்குப் 'புத்தித் தேய்வு' என்ற பெயரே பொருந்தவில்லை. 1908 ஏப்ரலில் பெர்லினில் செய்த சொற்பொழிவில் அவர் 'ஸ்கிஸோபிரினியா' என்ற புதுப் பெயரை முன்வைத்து, 1911-ல் விரிவான கிரந்தமாகவும் எழுதினார். கிரேக்க மொழியில் பிளத்தல், மனம் என்ற இரண்டு சொற்களைக் கூட்டிச் செய்த பெயர் அது. தமிழில் 'மனச்சிதைவு' என்று நாம் வழங்குவது அழகாகவே அமைந்திருக்கிறது. ஓர் உடம்பில் இரண்டு ஆட்கள் குடியிருப்பதாகச் சினிமாக்காரர்கள் பண்ணிய குழப்பத்துக்கு அந்தத் தமிழ்ச் சொல்லில் இடமில்லை. பிளாய்லர் கருத்துப்படி ஞாபகமும் புலனறிவும் மூலத்தில் கெடுவதில்லை; ஒரு நினைப்பை அடுத்த நினைப்போடு சேர்க்கும் இணைப்புத்தான் தளர்ந்துபோகிறது. வீணை உடையவில்லை, தந்திகள்தாம் தளர்ந்தன என்று நம்முடைய வழக்கில் சொல்லலாம். அவருடைய உதவியாளராக இருந்த கார்ல் யுங், நூறு சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, கேட்டவர் மனத்தில் முதலில் தோன்றும் சொல்லையும் அது தோன்ற எடுத்த காலத்தையும் விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு வரை அளந்து குறித்ததும் அந்த வைத்தியசாலையிலேதான்.

இந்தச் சித்தாந்தம் நிலைபெற்றதும் சோதனை செய்பவர்களுடைய வேட்டையும் திசை மாறியது. புத்தி எவ்வளவு என்று அளப்பதை விட்டு, புத்தி போகும் விபரீத வழி எது என்று தேடலானார்கள். பழமொழிக்கு அர்த்தம் கேட்கும் வழக்கம் அந்தத் தேட்டத்துக்கு மிகவும் ஒத்துப்போனது. நம் பக்கத்தில் 'யானைக்கும் அடி சறுக்கும்' என்பதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டு, "மழை பெய்து தரை ஈரமாக இருக்கிறது, அதனால்தான்" என்று பதில் வந்தால், கேட்டவர் தம் குறிப்பில் ஏதோ எழுதிக்கொள்வார். அந்தப் பதில் நோயால் வந்ததா, படிப்பில்லாமையால் வந்ததா, கேட்ட கேள்வியின் அசட்டுத்தனத்தால் வந்ததா என்பது வேறு விஷயம்.

இவ்வகைச் சோதனைகளில் என் மனத்தைக் கவர்ந்தது, சாகரோவ் என்பவர் ஒழுங்குபடுத்த, அவருடைய ஆசிரியர் லெவ் விகோத்ஸ்கி மாஸ்கோவில் மனச்சிதைவு நோயாளிகளிடம் பிரயோகித்த மரக்கட்டைச் சோதனை. மேஜையின்மேல் 22 கட்டைகள். ஐந்து நிறம், ஆறு வடிவம், இரண்டு உயரம், இரண்டு பருமன். ஒவ்வொன்றின் அடியிலும் லாக், பிக், மூர், செவ் என்று எந்தப் பாஷையிலும் இல்லாத நான்கு பெயர்களில் ஒன்று எழுதியிருக்கும். ஒரு கட்டையைத் திருப்பி, "இது லாக், இதன் இனத்தைச் சேர்ந்தவற்றையெல்லாம் எடுத்து வையுங்கள்" என்பார் சோதனை செய்பவர். நிறத்தை நம்பியவரும் ஏமாறுவார், வடிவத்தை நம்பியவரும் ஏமாறுவார். உயரமும் பருமனும் சேர்ந்துதான் இனத்தைத் தீர்மானிக்கின்றன என்பது, தவறாக எடுத்த கட்டைகள் ஒவ்வொன்றாகத் திருப்பப்படத் திருப்பப்பட மெல்ல விளங்கும். உயரமும் பெரிதுமான கட்டை லாக். தட்டையும் சிறிதுமானது செவ். விகோத்ஸ்கி கண்டது இது: நோயாளிகளில் பலர் கருத்தைக் கொண்டு இனம் பிரிப்பதில்லை, ஒரு கட்டையை நிறத்தால் சேர்த்தவர் அதற்கடுத்ததை வடிவத்தால் சேர்த்து, சங்கிலி போல் கோத்துக்கொண்டே போகிறார்; குழந்தைகள் இனம் பிரிக்கும் முறையும் இதுவே. அவருடைய கட்டுரை 1934-ல், அதாவது அவர் காசநோயால் மாண்ட அதே ஆண்டில், அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் வெளிவந்தது. மொழிபெயர்த்த ஜேக்கப் கசானினும் யூஜினியா ஹான்ஃப்மனும் அதே கட்டைகளைக் கொண்டு அமெரிக்காவில் ஆராய்ந்து 1942-ல் நூல் வெளியிட்டார்கள். நோயாளி குழந்தையாகிவிடுகிறார் என்ற முடிபை அப்போதே நார்மன் கேமரன் போன்றோர் மறுத்தனர். கட்டைகள் நின்றன, முடிபு நிற்கவில்லை.

இனிச் சொல்லப்போகும் இடம் மாசசூசெட்ஸ் மாகாணத்து வூஸ்டர் நகரம். 1833-ல் தொடங்கிய அவ்வூர் அரசாங்க மனநோய் வைத்தியசாலை, 1877-ல் ஊருக்கு வெளியே குன்றின்மீது கல்லால் கட்டிய பெரிய மாளிகைக்குக் குடிபோயிற்று. நடுவே எங்கிருந்தும் தெரியும்படி ஓங்கி நின்றது ஒரு மணிக்கூண்டு. அந்தக் கூண்டின் கீழேதான், விநாடியைத் துண்டு துண்டாக நறுக்கி அளக்கும் வேலை பின்னால் நடக்கப்போகிறது என்பதை நினைத்தால் கட்டியவர்களுக்கு ஏதோ முன்னறிவு இருந்தது போலத் தோன்றும். அறுவடை இயந்திரத்தால் பெருஞ்செல்வம் சேர்த்த மக்கார்மிக் குடும்பத்தின் மருமகள் கேத்தரின் மக்கார்மிக், தம் கணவருக்கு வந்த இந்நோயின் மூலம் உடம்பின் சுரப்பிகளில் இருக்கிறது என்று உறுதியாக நம்பி, 1927-ல் அதற்கென ஓர் ஆராய்ச்சி நிதியை ஏற்படுத்தினார். ஆராய்ச்சி வூஸ்டரில் நடந்தது. சுரப்பிகளைத் தேடிக் கொடுத்த பணம். சுரப்பிகள் பேசவில்லை. பக்கத்து அறையில் விசைப்பலகையோடு உட்கார்ந்திருந்த மனோதத்துவக்காரர்கள்தாம் நிலைத்து நிற்கும் ஒன்றைக் கண்டார்கள்.

அவர்களுக்குத் தலைவர் டேவிட் ஷாக்கோ. 1928 முதல் 1946 வரை அங்கே பணியாற்றியவர். அவருடைய சோதனை பார்ப்பதற்கு விளையாட்டுப் போல இருக்கும். நோயாளி ஒரு விசையின்மேல் விரலை வைத்திருக்கிறார். 'தயார்' என்ற குறி வருகிறது. சற்று நேரம் கழித்து விளக்கு எரிகிறது அல்லது ஒலி கேட்கிறது. உடனே விரலை எடுக்க வேண்டும். இவ்வளவுதான். ஆனால் 'தயார்' என்பதற்கும் விளக்குக்கும் நடுவிலுள்ள இடைவெளியை ஷாக்கோவும் அவர் கூட்டாளிகளும் மாற்றிக்கொண்டே போனார்கள். சில தொடர்களில் இடைவெளி ஒவ்வொரு முறையும் ஒரே அளவாக இருக்கும், சில தொடர்களில் முன்பின்னாக மாறி மாறி வரும். ஆரோக்கியமான மனிதருக்கு ஒழுங்கான இடைவெளி ஓர் அனுகூலம். இத்தனை விநாடி கழித்து வரும் என்று தெரிந்துவிட்டால், பந்தயக் குதிரை போல அவர் உள்ளே கூட்டிக்கொண்டு நிற்பார். மனச்சிதைவு உள்ளவருக்கும் இடைவெளி சிறியதாக இருக்கும்வரை அந்த அனுகூலம் கிடைக்கிறது. ஐந்தாறு விநாடியைத் தாண்டியதும் கதை தலைகீழாகிறது: ஒழுங்கான தொடரில் அவர், ஒழுங்கற்ற தொடரில் இருப்பதைக் காட்டிலும் மெதுவாகிவிடுகிறார். என்ன வரப்போகிறது என்று தெரிந்திருந்தும் அந்தத் தெரிவை ஏழெட்டு விநாடி பிடித்து வைத்திருக்க முடியவில்லை, தெரிந்திருப்பதே இடையூறாகிறது. எலியட் ராட்னிக் என்பவரோடு சேர்ந்து ஷாக்கோ 1940-ல் வெளியிட்ட இந்த முடிபு, பின்னால் வந்தவர்கள் எத்தனையோ முறை திரும்பச் செய்து பார்த்தும் கலையாமல் நின்றது. இத்துறையில் அப்படிப்பட்டவை அதிகமில்லை.

ஷாக்கோவிடம் நான் மதிக்கும் இன்னொரு குணம் உண்டு. நோயாளி சோதனையில் தவறினால் 'முடியவில்லை' என்று எழுதிவிட அவர் சம்மதிக்கவில்லை. அன்று அவர் மனம் ஒத்துழைத்ததா, சொன்னது காதில் விழுந்ததா, அவருடைய உண்மையான சக்தி இந்த எண்ணில் வெளிப்பட்டிருக்கிறதா என்பதைத் தனியாக மதிப்பிட்டு, எண்ணோடு சேர்த்து எழுத வேண்டும் என்பது வூஸ்டர் சம்பிரதாயம். பல்லாண்டு விடுதியில் அடைபட்டுக் கிடக்கும் ஒருவர், முன்பின் தெரியாத ஒரு கனவான் வந்து கட்டைகளை அடுக்கச் சொன்னால், "எதற்கு?" என்று நினைப்பது நோயின் லட்சணம் ஆகாது. அந்த மாளிகையின் பெரும்பகுதி 1991-ல் தீக்கு இரையாயிற்று. அந்தச் சம்பிரதாயமும் எத்தனை இடத்தில் உயிரோடு இருக்கிறது என்று சொல்வதற்கில்லை.

இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின்பு, மனநோய் வைத்தியசாலையில் சோதனைப் பெட்டியோடு வரும் மனோதத்துவ நிபுணரிடம் வைத்தியர்கள் கேட்டது பெரும்பாலும் ஒரே கேள்வி: இது ஆர்கானிக்கா, ஃபங்ஷனலா? அதாவது, மூளையில் அடிபட்டோ கட்டி வந்தோ ஏற்பட்ட கோளாறா, அல்லது மூளை நன்றாக இருக்க மனம் மட்டும் கெட்ட கோளாறா என்பது. மனச்சிதைவு இரண்டாவது அறையைச் சேர்ந்தது என்பதில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. பிளாய்லர் காலத்திலிருந்து அது அப்படித்தான். ஆகவே நல்ல சோதனை என்பது மூளை நோயாளியையும் மனச்சிதைவு நோயாளியையும் பிரித்துக் காட்டுவது என்று இலக்கணம் ஏற்பட்டது. டேவிட் வெக்ஸ்லர் 1939-ல் நியூயார்க் பெல்வ்யூ வைத்தியசாலையிலிருந்து வெளியிட்ட புத்திச் சோதனையும், வார்டு ஹால்ஸ்டெட்டும் ரால்ஃப் ரைட்டனும் மூளை நோயாளிகளுக்கென்று தொகுத்த சோதனைகளும் இந்த வேலைக்கு ஏவப்பட்டன. ஆண்டுக்காண்டு கட்டுரைகள் குவிந்தன. 1978-ல் ராபர்ட் ஹீட்டனும் கூட்டாளிகளும் அவற்றையெல்லாம் திரட்டிப் பார்த்தபோது, மற்ற மனநோயாளிகளை மூளை நோயாளிகளிடமிருந்து ஓரளவு நன்றாகவே பிரிக்கும் அதே சோதனைகள், நீண்டகால மனச்சிதைவு நோயாளிகளிடம் வந்ததும் நாணயத்தைச் சுண்டிப் பூவா தலையா பார்ப்பதற்குச் சற்றே மேலான நிலையில் நின்றன என்பது தெரிந்தது.

சோதனை தோற்றது என்றுதான் பலர் அப்போது சொன்னார்கள். தராசு இரண்டு தட்டையும் சமமாகக் காட்டுகிறது, ஆகையால் தராசு பழுது என்றார்கள். இரண்டு தட்டிலும் இருப்பது ஒரே எடைதானோ என்று கேட்கத் துணிந்தவர்கள் சிலரே. அந்தக் கேள்விக்கு விடை வேறொரு வாசல் வழியாக ஏற்கனவே வந்துகொண்டிருந்தது. லண்டன் புறநகரில் நார்த்விக் பார்க் வைத்தியசாலையில் ஈவ் ஜான்ஸ்டோனும் டிம் குரோவும் அவர்கள் குழுவினரும், புதிதாக வந்த ஸி.டி. ஸ்கேன் இயந்திரத்தில் 17 நீண்டகால நோயாளிகளின் மூளையைப் படம் பிடித்து 1976-ல் முடிபை வெளியிட்டார்கள். மூளையின் உள்ளேயுள்ள நீரறைகள் அவர்களுக்கு விரிந்திருந்தன. அதிகம் விரிந்தவர்களே அறிவுச் சோதனைகளிலும் அதிகம் பின்தங்கியவர்கள். இதே குரோ, இதற்கு முந்திய ஆண்டிலேயே, எந்தப் பெட்டியும் கடிகாரமும் வேண்டாத ஒரு சோதனையைச் செய்திருந்தார். பல்லாண்டு விடுதியில் இருப்பவர்களிடம் "உங்களுக்கு என்ன வயது?" என்று கேட்பதுதான் அது. அறுபது வயதுக் கிழவர் இருபத்திரண்டு என்பார். நரைத்த தலையும் சுருங்கிய கையும் அவர் கண்முன்னே இருக்கும். பலருக்கு வயது, வைத்தியசாலைக்குள் வந்த காலத்தோடு நின்றுவிட்டது. இதைப் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

இந்த இடத்தில் ஒரு தடையையும் சொல்ல வேண்டும். சொன்னவர்கள் விஸ்கான்ஸின் பல்கலைக்கழகத்துத் தம்பதிகள் லோரன் சாப்மனும் ஜீன் சாப்மனும், 1973-ல். ஒரு நோயாளி ஞாபகச் சோதனையில் மிகவும் பின்தங்கி, படம் பார்க்கும் சோதனையில் கொஞ்சமே பின்தங்கினால், ஞாபகம்தான் விசேஷமாகக் கெட்டிருக்கிறது என்று முடிபு கட்டுவது எளிது. அது பிழையாகலாம் என்றார்கள் அவர்கள். ஞாபகச் சோதனை மனிதர்களைப் பிரித்துக் காட்டும் நுட்பம் மிகுந்ததாகவும் மற்றது எல்லோரும் தேறிவிடும் எளிய சோதனையாகவும் இருந்தால், எல்லா விதத்திலும் சமமாகப் பின்தங்கிய ஒருவர்கூட முன்னதில் அதிகமாகவும் பின்னதில் குறைவாகவும் பின்தங்கியவராகத் தோற்றுவார். நன்றாகச் சலிக்கும் சல்லடையில்தான் கல் தெரியும். கல் அந்தச் சல்லடைக்குள்ளே பிறந்ததென்று சொல்லலாகாது. இத்தனை எளிய நியாயத்துக்குப் பல ஆண்டு ஆராய்ச்சிகள் பதில் சொல்ல முடியாமல் நின்றன.

அதே விஸ்கான்ஸின் பல்கலைக்கழகத்தில் 1948-ல் பிறந்த சீட்டுச் சோதனைக்கு இப்போது வருவோம். டேவிட் கிராண்ட், எஸ்டா பெர்க் என்ற இருவர் செய்தது. மேஜையில் நான்கு சீட்டுகள்: ஒரு சிவப்பு முக்கோணம், இரண்டு பச்சை நட்சத்திரம், மூன்று மஞ்சள் கூட்டல் குறி, நான்கு நீல வட்டம். கையில் 128 சீட்டுகள் கொண்ட கட்டு. ஒவ்வொரு சீட்டையும் நான்கில் ஏதாவது ஒன்றின் கீழே வைக்க வேண்டும். எந்த முறையில் என்று சொல்லமாட்டார்கள், 'சரி' 'தப்பு' என்று மட்டும் சொல்வார்கள். நிறத்தைப் பார்த்து வைத்தால் சரி என்று சோதனைக்கு வந்தவர் கண்டுபிடித்து, தொடர்ந்து பத்து முறை சரியாக வைத்ததும், ஒரு வார்த்தை சொல்லாமல் விதி மாறிவிடும். இதுவரை சரியாக இருந்தது திடீரென்று தப்பு. நம்மில் பெரும்பாலோர் இரண்டு மூன்று சீட்டுக்குள் விழித்துக்கொண்டு வடிவத்துக்கோ எண்ணிக்கைக்கோ தாவிவிடுவோம். மனச்சிதைவு உள்ளவர்களில் பலர் 'தப்பு' 'தப்பு' என்று கேட்டுக்கொண்டே பழைய விதியின்படியே வைத்துக்கொண்டு போவதை எலிஸபெத் ஃபே 1951-லேயே எழுதிவிட்டார். 1963-ல் மான்ட்ரியாலில் பிரெண்டா மில்னர், மூளையின் முன்பகுதியில் அறுவை நடந்தவர்களும் இவ்வாறே விதியை விடமுடியாமல் தவிப்பதைக் காட்டினார். இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டவர் டேனியல் வைன்பர்கர். 1986-ல், வாஷிங்டனில், ஸெனான் வாயுவை முகரச் செய்து மூளையின் ரத்த ஓட்டத்தை அளந்துகொண்டே அவரும் கேரன் பெர்மனும் இந்தச் சீட்டுகளைக் கொடுத்தபோது, ஆரோக்கியமானவர்களுக்கு நெற்றிப்புறத்து மூளையில் பெருகிய ரத்தம் நோயாளிகளுக்கு அவ்வாறு பெருகவில்லை.

அடுத்த ஆண்டு டெரி கோல்ட்பர்க் அந்தக் குழுவிலிருந்தே இன்னொன்று செய்தார். நோயாளிகளுக்குச் சீட்டுச் சீட்டாகச் சொல்லிக்கொடுத்தார்: இது நிறம், இங்கே வையுங்கள், இப்போது வடிவம், அங்கே வையுங்கள். சொல்லிக்கொடுக்கும் வரையில் சரியாக வைத்தார்கள். சொல்வதை நிறுத்தியதும் பழையபடி ஆனார்கள். மூளை அப்படி, கற்பிக்க இயலாது என்று பலர் பெருமூச்சு விட்டார்கள். 1990-ல் ஆலன் பெல்லாக்கும் அவர் கூட்டாளிகளும் அதே பாடத்தை நடத்தி, சரியாக வைக்கும் ஒவ்வொரு சீட்டுக்கும் சில்லறைக் காசு கொடுத்தார்கள். நோயாளிகள் தேறினார்கள், மறுநாள் கேட்டபோதும் தேறினார்கள். ஷாக்கோ அன்றைக்கு உயிரோடு இருந்திருந்தால் வாய்விட்டுச் சிரித்திருப்பார் என்பது என் அபிப்பிராயம்.

இதற்கிடையில் மருந்துகள் வந்து வைத்தியசாலைகளின் முகமே மாறிவிட்டிருந்தது. 1952-ல் பாரிஸில் தொடங்கிய குளோர்ப்ரோமசின் யுகம் அசரீரிக் குரல்களை அடக்கியது. ஆயிரமாயிரம் பேர் வீடு திரும்பினார்கள். திரும்பியவர்களில் பலர் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டதும் உண்மை. குரல் கேட்பதில்லை, சந்தேகம் இல்லை, ஆனால் கடைக்குப் போனால் என்ன வாங்க வந்தோம் என்பது நினைவில் நிற்பதில்லை. வேலைக்குப் போனால் மேஸ்திரி சொன்ன மூன்று காரியங்களில் ஒன்றுதான் நடக்கிறது. சோம்பல் என்று வீட்டார் நினைப்பார்கள். இப்படிப்பட்டவர்கள் வேலையிலும் வாழ்விலும் நிமிர்வதைப் பிரமைகளைக் காட்டிலும் கவனமும் ஞாபகமுமே தீர்மானிக்கின்றன என்று மைக்கேல் கிரீன் 1996-ல் எழுதிய கட்டுரை துறையின் போக்கையே திருப்பியது. 1998-ல் ஹைன்ரிக்ஸும் ஸக்ஸானிஸும் 204 ஆராய்ச்சிகளைத் திரட்டிப் பார்த்து, கேட்ட சொற்களை நினைவில் வைக்கும் சக்தியிலேதான் இந்நோயாளிகளுக்கும் மற்றவர்களுக்கும் உள்ள தூரம் மிகப் பெரிது என்றார்கள். ஆகப் புத்தி குறைவதும் நோயின் உடம்பில் ஓர் அங்கமே என்று, கிரேப்பலின் சொன்ன இடத்துக்கே வைத்திய சாஸ்திரம் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தது. ஆனால் அவர் எண்ணிய அளவுக்கு அது எல்லோருக்கும் இறுதிவரை தேய்ந்துகொண்டே போவதில்லை என்ற திருத்தத்தோடு.

புத்திக்கு மருந்து கண்டுபிடிக்க வேண்டுமானால் முதலில் எல்லோரும் ஒரே கோலால் அளக்க வேண்டும் அல்லவா? அமெரிக்க அரசாங்கத்தின் மனநல ஆராய்ச்சி நிலையம் 2002-ல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்து லாஸ் ஏஞ்சல்ஸ் கிளையிடம் இந்தப் பொறுப்பைக் கொடுத்தது. கிரீன், கீத் நூக்டர்லைன், ஸ்டீஃபன் மார்டர் ஆகியோர் நடத்திய அந்த முயற்சிக்கு 'மேட்ரிக்ஸ்' என்று பெயர். 90-க்கும் மேற்பட்ட சோதனைகள் முன்மொழியப்பட்டு, சலித்துச் சலித்து, கடைசியில் பத்து நின்றன. ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். அந்தக் கோலைக் கையில் வைத்துக்கொண்டு மருந்துக் கம்பெனிகள் செய்த முயற்சிகளை விரிப்பானேன்? என்ஸெனிக்ளின் வந்தது, தோற்றது.

கோல் எல்லா நாட்டுக்கும் பொருந்துமா என்பது நமக்குரிய கேள்வி. எழுத்துகளையும் எண்களையும் மாறி மாறிக் கோடிட்டு இணைக்கும் சோதனையை, எழுத்தே அறியாத ஒரு விவசாயியிடம் கொடுத்தால், அவர் தவறுவது எதற்குச் சான்று? பெங்களூர் நிம்ஹான்ஸ் நிலையத்தில் ஷோபினி ராவும் அவர் கூட்டாளிகளும் 2004-ல் வெளியிட்ட சோதனைத் தொகுப்பு இதை நேராக எதிர்கொண்டது. எழுத்துக்குப் பதிலாக இரண்டு நிற வட்டங்களை மாற்றி மாற்றி இணைக்கும் சோதனையை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். பள்ளிக்கே போகாதவர்க்கு எவ்வளவு, பத்து வகுப்பு வரை படித்தவர்க்கு எவ்வளவு, அதற்கு மேல் படித்தவர்க்கு எவ்வளவு என்று இயல்பின் அளவையும் தனித்தனியே வகுத்துக் கொடுத்தார்கள். சீட்டையும் கடிகாரத்தையும்விட அந்த அட்டவணையே பெரிய கருவி என்று எனக்குத் தோன்றுகிறது.

முன்பு சொன்ன கோல்ட்பர்க் 2007-ல் மீண்டும் வருகிறார். புதிய மருந்துகளைச் சாப்பிடும் நோயாளிகள் சில மாதங்கள் கழித்து அதே சோதனையை எழுதினால் மதிப்பெண் ஏறுகிறது, ஆகையால் மருந்து புத்தியைத் தேற்றுகிறது என்ற பேச்சு அப்போது பலமாக இருந்தது. அவர் மருந்து எதுவும் சாப்பிடாத ஆரோக்கியமானவர்களுக்கும் அதே இடைவெளியில் அதே சோதனையைத் திரும்பத் திரும்பக் கொடுத்துப் பார்த்தார். ஏற்றம் பெரும்பாலும் அதே அளவுதான். மருந்தின் மகிமை என்று கொண்டாடியதில் பெரும்பகுதி, ஹைடல்பர்க் வளைகோட்டில் கிரேப்பலின் முதலிலேயே பிரித்து வைத்த அப்பியாசம். அதனால்தான் மேட்ரிக்ஸ் தொகுப்பில் சேர்ந்துள்ள சொல் ஞாபகச் சோதனைக்கு ஒன்றுக்கு ஆறு தாள்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் வெவ்வேறு பன்னிரண்டு சொற்கள். சோதனை செய்பவர் நோயாளியை எதிரே உட்காரவைத்துவிட்டு, போன முறை எந்தத் தாளைப் படித்தோம் என்று குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்து, வேறொரு தாளை உருவி எடுத்து, மெல்ல, ஒரே சீராக, படிக்கத் தொடங்குகிறார்.